இருபது கியரிலிருந்து ஐந்து கியருக்கு

அமெரிக்காவின் மேக் நிறுவனம் 1953 முதல் 1966 வரை தயாரித்த பி வரிசை லாரிகளுக்குப் பல வகைக் கியர்பாக்ஸ்களைத் தந்தது. டூப்ளெக்ஸ் என்பதில் பத்துக் கியர், டிரிப்ளெக்ஸில் பதினைந்து, குவாட்ருப்ளெக்ஸில் இருபது. இருபதையும் ஒரே ராடில் போட முடியாது. ஆகவே டிரைவருக்குப் பக்கத்தில் இரண்டு கியர் ராடுகள் நிற்கும்; ஒன்றில் ஐந்து நிலை, மற்றதில் நான்கு. சில மாற்றங்களுக்கு இரண்டையும் ஒரே சமயத்தில் அசைக்க வேண்டும். அப்போது டிரைவர் இடது கையை ஸ்டீயரிங் வளையத்துக்குள் நுழைத்து ஒரு ராடைப் பிடிப்பார், வலது கையால் இன்னொன்றைப் பிடிப்பார். அந்த இரண்டொரு நொடி ஸ்டீயரிங்கைத் தாங்கியது அவருடைய முன்னங்கைதான்.

அதே நிறுவனம் 1966ல் மேக்ஸிடைன் என்ற டீசல் என்ஜினை வெளியிட்டது. அதற்கென்றே வடிவமைத்த மேக்ஸிடார்க் கியர்பாக்ஸில் இருந்தவை ஐந்தே கியர்கள். முப்பது டன்னைத் தாண்டிய எடையோடு மலை ஏற வேண்டிய நெடுந்தூர லாரிக்கு ஐந்து கியர் போதும் என்று ஒரு கம்பெனி சொன்னது அன்றைய டிரைவர்களுக்குத் துணிச்சலாகவே பட்டிருக்கும். என்ஜினின் குதிரைத்திறனும் பெரிதல்ல: 237. அதே காலத்தில் 318 குதிரைத்திறன் என்ஜின்கள் பதின்மூன்று கியரோடு ஓடிக்கொண்டிருந்தன. பழைய கனரக லாரிகளின் இயக்கவியலைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு என்ஜின்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

முதலில் மலையிலிருந்து தொடங்குவோம். லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு வடக்கே ஐந்தாம் எண் இன்டர்ஸ்டேட் சாலை டெஹோன் கணவாயைக் கடக்கிறது. லாரி டிரைவர்கள் அந்த ஏற்றத்தை கிரேப்வைன் என்கிறார்கள். வடக்கே உள்ள சமவெளியிலிருந்து வருகிறவருக்கு அது பல கிலோமீட்டர் நீளத்துக்கு 6 சதவீத ஏற்றம். அதாவது நூறு மீட்டர் முன்னே போனால் ஆறு மீட்டர் மேலே ஏறியாக வேண்டும். 1970களின் நடுப்பகுதி வரை அமெரிக்க இன்டர்ஸ்டேட் சாலைகளில் ஒரு லாரியின் மொத்த எடைக்கு 73,280 பவுண்டு, அதாவது சுமார் 33 டன், என்பதே பொது வரம்பு. இந்த எடையைச் சமதளத்தில் மணிக்கு 88 கி.மீ. வேகத்தில் ஓட்டக் காற்றின் தடையும் டயரின் உருள்தடையும் சேர்ந்து கேட்பது ஏறக்குறைய 5,600 நியூட்டன் இழுவிசை. அதே லாரி 6 சதவீத ஏற்றத்தில் கால் வைத்ததும் புவியீர்ப்பு மட்டுமே 19,500 நியூட்டனுக்கு மேல் பின்னால் இழுக்கிறது. உருள்தடையையும் கூட்டினால் 22,000. ஒரே நிமிடத்துக்குள் தேவை நான்கு மடங்காகிவிடுகிறது. கார் ஓட்டுகிறவர்கள் இந்தப் பாய்ச்சலை உணர்வதே இல்லை. காரின் எடைக்கு அதன் என்ஜின் எப்போதும் தேவைக்கு மிஞ்சியது. லோடு ஏற்றிய லாரிக்கு அந்த வசதி கிடையாது. ஏற்றம் முழுவதும் என்ஜின் தன் முழு வலுவில் நிற்க வேண்டும்.

இப்போது வலு என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். என்ஜினின் கிராங்க் தண்டு எவ்வளவு அழுத்தமாகத் திருகுகிறது என்பது முறுக்குவிசை, வழக்கில் டார்க். அந்தத் திருகல் நிமிடத்துக்கு எத்தனை சுற்று நடக்கிறது என்பது ஆர்பிஎம். இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது திறன். பவுண்டு-அடியில் சொல்லப்படும் டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 5252ஆல் வகுத்தால் குதிரைத்திறன் வந்துவிடும். கியர்பாக்ஸ் திறனைக் கூட்டுவதில்லை, உராய்வில் கொஞ்சம் தின்னத்தான் செய்யும். அது செய்வதெல்லாம், வேகத்தைக் குறைத்துக்கொண்டு அதே அளவுக்கு டார்க்கைக் கூட்டித் தருவது. எனவே கிரேப்வைன் ஏற்றத்தில் ஒரு லாரி எந்த வேகத்தில் ஏறும் என்பதைக் கடைசியில் தீர்மானிப்பது திறன்தான். சக்கரத்துக்குப் போய்ச் சேருவது 85 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 318 குதிரைத்திறன் என்ஜின் அந்த 33 டன்னை மணிக்குச் சுமார் 33 கி.மீ. வேகத்தில் ஏற்றும். 237 குதிரைத்திறன் என்ஜின் சுமார் 24 கி.மீ. வேகத்தில். கணக்கு இவ்வளவுதான் என்றால் மேக்ஸிடைனைப் பற்றி எழுத ஒன்றுமே இருக்காது.

விஷயம் இருப்பது, 318 என்ற எண் எந்த ஆர்பிஎம்மில் கிடைக்கிறது, அந்த ஆர்பிஎம்மைவிட்டுக் கீழே வந்தால் என்ன ஆகிறது என்பதில்.

அந்த 318 டெட்ராய்ட் டீசலின் 8வி-71 என்ஜின். ஜெனரல் மோட்டார்ஸ் 1938ல் தொடங்கிய 71 வரிசையின் பிள்ளை அது. ஒவ்வொரு சிலிண்டரின் கொள்ளளவும் 71 கன அங்குலம் என்பதால் அந்தப் பெயர். எட்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக். ஒவ்வொரு சுற்றிலும் எட்டு சிலிண்டரும் வெடிக்கும். 2100 ஆர்பிஎம்மில் நொடிக்கு 280 வெடிப்பு. சாதாரண ஆறு சிலிண்டர் ஃபோர்-ஸ்ட்ரோக் டீசலில் அதே ஆர்பிஎம்மில் 105தான். அதனால்தான் அந்த என்ஜின் உறுமாமல் அலறியது. டூ-ஸ்ட்ரோக் என்ஜினால் தானாக மூச்சு இழுக்க முடியாது; கியரால் சுழலும் ஒரு ஊதுகருவி காற்றை உள்ளே தள்ள வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உண்டு. ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்தியிருக்கும்போது, ஒரு வெடிப்புக்கு இவ்வளவு டீசல் என்று ஏறக்குறைய மாறாத அளவை அது செலுத்தும். ஒரு வெடிப்புக்கான டீசலும் காற்றும் மாறாவிட்டால் டார்க்கும் மாறாது. 2100 ஆர்பிஎம்மில் 318 குதிரைத்திறன் என்பதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் டார்க் 795 பவுண்டு-அடி வருகிறது. அந்த என்ஜினின் உச்ச டார்க்கோ ஏறக்குறைய 800. அதாவது டார்க் வரைகோடு கிட்டத்தட்டப் படுத்த கோடு.

படுத்த கோடு மலையில் என்ன செய்யும்? ஒரு கியரில் சக்கரத்துக்கு 15,000 நியூட்டன் இழுவிசை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏற்றம் 22,000 கேட்கிறது. வேகம் குறைகிறது, ஆர்பிஎம் இறங்குகிறது. 1800, 1600, 1400 என்று எங்கே போனாலும் இழுவிசை அதே 15,000. பற்றாக்குறை குறையவே இல்லை, ஆகவே சரிவும் நிற்கவே இல்லை. டிரைவர் கியரைக் குறைத்தாலொழிய வண்டி நின்றுபோகும் வரை வேகம் விழுந்துகொண்டே இருக்கும். அதோடு, டார்க் மாறாமல் ஆர்பிஎம் விழுந்தால் திறனும் அதே விகிதத்தில் விழும். 1700ல் 318 என்பது 260க்குக் கீழே வந்துவிடும். 1200ல் வெறும் 183.

எனவே அந்த என்ஜினை மேல் ஆர்பிஎம்மிலேயே கட்டி வைத்திருக்க வேண்டும். டெட்ராய்ட் ஓட்டிய டிரைவர்களிடையே ஒரு பழைய வேடிக்கைப் பேச்சு உண்டு: வண்டியில் ஏறும்போது விரலைக் கதவில் நசுக்கிக்கொள், அந்தக் கோபத்தோடு ஓட்டு, அப்போதுதான் சரியாக ஓட்டுவாய். அதற்குள் இருப்பது மேலே சொன்ன படுத்த கோடுதான்.

1700க்கும் 2100க்கும் இடையிலேயே என்ஜினை வைத்திருக்க வேண்டும் என்றால் கியர்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும்? 2100ஐ 1700ஆல் வகுத்தால் 1.235. அடுத்தடுத்த இரண்டு கியர்களுக்கு இடையே இதைவிடப் பெரிய இடைவெளி இருக்கக் கூடாது. கால் குட்டையானவருக்குப் படிக்கட்டில் படிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். ஏற வேண்டிய உயரம் மாறாது, படிகளின் எண்ணிக்கைதான் கூடும். முதல் கியருக்கும் கடைசிக் கியருக்கும் ஒன்பது மடங்குக்கு மேல் வித்தியாசம் வேண்டும் என்று வைத்துக் கணக்கிடுங்கள். 1.235ஐப் பதினொரு முறை பெருக்கினால்தான் அந்த எல்லையைத் தாண்ட முடியும். பதினொரு இடைவெளி என்றால் பன்னிரண்டு கியர். மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் பிறந்த ஃபுல்லர் நிறுவனத்தின் ரோட்ரேஞ்சர் கியர்பாக்ஸ்களில் பதின்மூன்று கியர் வகை ஏன் அவ்வளவு பேர் பெற்றது என்பதற்கு இந்த ஒரு வரிக் கணக்கே விளக்கம்.

மேக் பொறியாளர்கள் இதே கணக்கை மறுமுனையிலிருந்து போட்டார்கள். படிகளை நெருக்குவதற்குப் பதிலாக என்ஜினின் எட்டும் தூரத்தை நீட்டினால் என்ன? 1200 முதல் 2100 வரை முழுவதுமே உழைக்கும் ஆர்பிஎம்மாக இருந்தால் இடைவெளி 1.75 வரை போகலாம். 1.75ஐ நான்கு முறை பெருக்கினால் 9.4. நான்கு இடைவெளி, ஐந்து கியர். வேலை முடிந்தது.

ஆனால் அதற்கு டார்க் கோடு படுத்திருக்கக் கூடாது. ஆர்பிஎம் இறங்க இறங்க நிமிர வேண்டும். 11 லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் மேக்ஸிடைன் 2100 ஆர்பிஎம்மில் 237 குதிரைத்திறன் தந்தது. அப்போது அதன் டார்க் 593 பவுண்டு-அடி. 1200 ஆர்பிஎம்முக்கு இறங்கும்போது டார்க் 906. ஐம்பத்திரண்டு சதவீதத்துக்கு மேல் உயர்வு. திறனைக் கணக்கிட்டால் 1200ல் 207. என்ஜின் வேகம் 43 சதவீதம் விழுந்தும் திறன் 13 சதவீதம்தான் குறைந்திருக்கிறது. சற்று முன் பார்த்த டெட்ராய்ட் அதே 1200ல் 183தான் தந்தது. 237 என்று எழுதிய என்ஜின் 318 என்று எழுதிய என்ஜினை அந்த இடத்தில் முந்திவிடுகிறது.

மலையில் இதன் விளைவை அதே எண்களால் பாருங்கள். சக்கரத்தில் 15,000 நியூட்டன் வரும் ஒரு கியரில், மணிக்கு 36 கி.மீ. வேகத்தில், மேக்ஸிடைன் லாரி ஏற்றத்தில் நுழைகிறது. ஏற்றம் 22,000 கேட்கிறது. வேகம் விழத் தொடங்குகிறது. ஆனால் விழ விழ இழுவிசை கூடுகிறது: 17,000, 19,000, 21,000. 1300 ஆர்பிஎம் அளவில் தேவையும் வரத்தும் சமமாகிவிடுகின்றன. மணிக்கு 22 கி.மீ. வேகத்தில் வண்டி அப்படியே நிலைகொண்டு ஏறுகிறது. டிரைவர் கியர் ராடைத் தொடவே இல்லை. ஏற்றம் கொஞ்சம் தணிந்தால் வேகம் தானாகக் கூடும்; ஏற்றம் கூடினால் வேகம் தானாகக் குறையும். டிரைவரின் கையில் இருந்த வேலையின் பெரும்பகுதியை என்ஜினே எடுத்துக்கொண்டது. இதைத்தான் இந்த என்ஜினின் மிகப் பெரிய சாதனையாக நான் கருதுகிறேன்.

எப்படிச் சாதித்தார்கள்? டீசல் என்ஜினில் டார்க் என்பது ஒவ்வொரு வெடிப்பிலும் முழுதாக எரியும் டீசலின் அளவு. கீழ் ஆர்பிஎம்மில் அதிகம் எரிக்க அங்கே அதிகக் காற்று வேண்டும். ஆகவே டர்போவை உச்ச வேகத்துக்காக அல்லாமல் கீழ் ஆர்பிஎம்மிலேயே நன்றாக ஊதும்படி பொருத்தினார்கள். டீசல் பம்ப், ஆர்பிஎம் ஏற ஏற ஒரு வெடிப்புக்கான டீசலைக் குறைத்துக்கொண்டே போகும். சொல்லப்போனால் 2100ல் அந்த என்ஜினால் இன்னும் அதிகத் திறன் தந்திருக்க முடியும். வேண்டுமென்றே அதைக் கட்டிப்போட்டார்கள். விளம்பரத்தில் பெரிய எண்ணைப் போடும் ஆசையை ஒரு லாரி கம்பெனி அடக்கிக்கொண்டது சாதாரண விஷயமல்ல.

மற்ற என்ஜின்களை அதே 1200க்கு இறக்கி ஆக்ஸிலேட்டரை மிதித்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது, கெட்டுவிடும். ஆர்பிஎம் குறைந்தால் சாதாரண டர்போ சோர்ந்துவிடும். காற்று குறைய, டீசல் மட்டும் வந்துகொண்டிருக்கும். எரியாத டீசல் கரும்புகையாகும், புகைவாயுவின் வெப்பம் ஏறும், பிஸ்டன் தலை வேகும். அழுத்தம் மிகுந்து சுழற்சி குறைந்த நிலையில் பேரிங்குகளில் எண்ணெய்ப் படலமும் மெலிந்துவிடும். அந்தக் கால லாரிகள் பலவற்றின் டாஷ்போர்டில் புகைவாயு வெப்பமானி ஒன்று இருந்ததும், அனுபவமுள்ள டிரைவர்கள் மலையில் அதிலிருந்து கண்ணெடுக்காததும் இதனால்தான். மேக்ஸிடைன் கீழ் ஆர்பிஎம்மில் தாங்கியது, அதற்கான காற்றையும் உடற்கட்டையும் கொடுத்துக் கட்டியதால்.

கியர்பாக்ஸுக்கும் அதே கதி. 906 பவுண்டு-அடியும் அகன்ற இடைவெளிகளும் சேர்ந்தால் பல்லின் மேல் விழும் சுமை பெரிது. ஃபுல்லர் 1963ல் ஒரு நல்ல தீர்வைக் கொண்டுவந்திருந்தது: ஒரு துணைத் தண்டுக்குப் பதில் இரண்டு வைத்து, சுமையை இரண்டு பக்கமும் பிரித்துவிட்டது. மேக் மூன்று துணைத் தண்டுகளை வைத்தது. ஒவ்வொரு பல்லும் மூன்றில் ஒரு பங்கைத் தாங்கினால் போதும் என்பதால் பல்சக்கரங்களை ஒடுக்கமாகச் செய்ய முடிந்தது, பெட்டியும் குட்டையானது.

இனி, காகிதத்தில் தெரியாமல் மலையில் மட்டும் தெரியும் ஒரு செலவைச் சொல்ல வேண்டும்: கியர் மாற்றும் நேரம். இந்தக் கியர்பாக்ஸ்களில் சின்க்ரோ கிடையாது. டபுள் கிளட்ச் போட்டு, காதால் ஆர்பிஎம்மைப் பொருத்தி, பல்லைச் சேர்க்க வேண்டும். கை தேர்ந்தவருக்கும் ராடை அசைக்கும் முழு மாற்றத்துக்கு ஒன்றிரண்டு நொடி ஆகும். அந்த நொடிகளில் சக்கரத்துக்கு இழுவிசையே இல்லை. 6 சதவீத ஏற்றத்தில் லோடு லாரி நியூட்ரலில் நின்றால் ஒவ்வொரு நொடிக்கும் மணிக்கு 2.4 கி.மீ. வீதம் வேகம் கழிந்துவிடும். 30 கி.மீ. வேகத்தில் ஏறுகிறவர் இரண்டு நொடியில் 25க்கு வந்துவிடுவார். 16 சதவீத இழப்பு. அவர் குறைத்த கியரோ 17 சதவீத இடைவெளிதான் கொண்டது என்றால், கிளட்சை விடும்போது ஆர்பிஎம் பழைய இடத்திலேயே நிற்கும். மாற்றியதில் லாபம் பூஜ்யம். வேகம் மட்டும் போயிற்று. எனவேதான் நல்ல டிரைவர்கள் செங்குத்தில் ஒரு கியரைத் தாண்டி அடுத்ததைப் பிடித்தார்கள். பதின்மூன்று கியர் ரோட்ரேஞ்சரில் மேல்நிலைக் கியர்களைப் பாதியாகப் பிரிக்கும் பட்டன் காற்றழுத்தத்தால் இயங்கியதும் இதற்காகத்தான். ராடை அசைக்காமல் கண நேரத்தில் மாற்றினால்தான் சின்ன இடைவெளிக்குப் பலன் உண்டு.

அகன்ற இடைவெளிக்கும் தண்டனை உண்டு. மேக்ஸிடார்க்கில் மேல் கியருக்குப் போகும்போது என்ஜின் 2100லிருந்து 1200 அளவுக்கு இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். கனமான ஃபிளைவீல் அவசரப்படாது. சமதளத்தில் அந்தக் காத்திருப்பு ஒரு பொருட்டல்ல. ஏற்றத்தின் நடுவில் அவசரப்பட்டு மேல் கியருக்குப் போக நினைத்தவர், பல் சேருவதற்குள் வேகத்தை இழந்து பழைய கியருக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

ஆகவே எது சிறந்தது? கிரேப்வைனில் முதலில் உச்சிக்குப் போவது டெட்ராய்ட்தான், ஓட்டுகிறவர் கெட்டிக்காரராக இருந்து அதை 2100க்கு அருகிலேயே வைத்திருந்தால். அந்த நிபந்தனை மிகக் கனமானது. தன் சொந்த வண்டியைத் தானே ஓட்டுகிறவருக்கு அது பெருமை. ஐம்பது லாரியும் ஐம்பது விதமான டிரைவர்களும் வைத்திருக்கும் முதலாளிக்கு அது தலைவலி. பல்வேறு கைகளில் போகும் வண்டிக்கு, கல் மண் அள்ளும் டிப்பருக்கு, கான்கிரீட் லாரிக்கு மேக்ஸிடைனே சரியான என்ஜின் என்பது என் தீர்ப்பு. கிளட்ச் குறைவாகத் தேயும், டிரைவரும் குறைவாகத் தேய்வார்.

இந்தக் கதையில் கடைசிக் கியர் ஒன்று பாக்கி இருக்கிறது. கியர்பாக்ஸுக்குப் பிறகு பின் ஆக்ஸிலில் கிரௌன் வீலும் பினியனும் நிரந்தரமாக ஒரு குறைப்பைச் செய்கின்றன. அதை மாற்ற ராடு கிடையாது. அந்தக் காலத்தில் பொதுவாக இருந்த 10.00-20 டயர் ஒரு மைலுக்குச் சுமார் 500 சுற்று உருளும். மணிக்கு 60 மைல் என்றால் நிமிடத்துக்கு 500 சுற்று. ஆக்ஸில் விகிதம் 4.11 என்று வைத்தால், நேர் கியரில் என்ஜின் 2055ல் சுழலும். 1974ன் தொடக்கத்தில், எண்ணெய் நெருக்கடியை ஒட்டி, அமெரிக்கா நாடு முழுவதும் வேக வரம்பை 55 மைலாகக் குறைத்தது. அதே லாரி இப்போது 1884ல் சுழன்றது. ஆக்ஸிலை 3.70க்கு மாற்றினால் 1700க்குக் கீழே. ஒவ்வொரு சுற்றுக்கும் உராய்வு என்ற வரியை என்ஜின் கட்டியாக வேண்டும் என்பதால், குறைந்த சுற்றில் அதே வேலை என்றால் டீசல் மிச்சம். ஆனால் டார்க் கோடு படுத்திருக்கும் என்ஜினை 1700ல் ஓட்டினால் சின்ன மேட்டுக்கே கியர் இறக்க வேண்டிவரும். ஆகவே டீசலைச் சேமிக்க நினைத்த எல்லாருக்கும் மேக் போட்ட கணக்கு தேவைப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் மற்ற நிறுவனங்களும் கீழ் ஆர்பிஎம்மில் டார்க் உயரும் என்ஜின்களைக் கொண்டுவந்தன. டெட்ராய்ட் டீசலே 1987ல் மின்னணுக் கட்டுப்பாட்டுடன் கூடிய ஃபோர்-ஸ்ட்ரோக் என்ஜினான சீரிஸ் 60க்கு மாறியது. அலறல் மெல்ல நெடுஞ்சாலையைவிட்டுப் போயிற்று.

இன்றைய நெடுந்தூர லாரி என்ஜின் 1000 ஆர்பிஎம் அளவிலேயே உச்ச டார்க்கைத் தந்துவிடுகிறது. ஆக்ஸில் விகிதம் 2.5க்கும் கீழே வந்துவிட்டது. அந்த என்ஜினுக்குக் குறைந்த கியர்களே போதும் என்று தோன்றினாலும் பன்னிரண்டு வைக்கிறார்கள். கியரை இப்போது கணினி மாற்றுகிறது, மாற்றும் நேரம் சுருங்கிவிட்டது. எனவே மிகக் குறைவாக டீசல் குடிக்கும் அந்தச் சின்ன ஆர்பிஎம் வட்டத்துக்குள்ளேயே என்ஜினை வைத்திருக்க நெருக்கமான கியர் உதவுகிறது. டெட்ராய்ட் டிரைவர் திறனுக்காகச் செய்ததை இன்றைய கணினி சிக்கனத்துக்காகச் செய்கிறது.

பழைய லாரி ஒன்றை வாங்கவோ, சீர்செய்து ஓட்டவோ நினைப்பவர்கள் விவரத்தாளில் குதிரைத்திறனைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் உச்ச டார்க் எந்த ஆர்பிஎம்மில் வருகிறது, உச்சத் திறனில் இருக்கும் டார்க்கைவிட அது எத்தனை சதவீதம் கூடுதல் என்று பாருங்கள். அடுத்து கியர்களுக்கு இடையிலான இடைவெளி, பின் ஆக்ஸில் விகிதம், டயர் அளவு. இவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பெருக்கினால், அந்த வண்டி உங்கள் ஊர் மலையில் எந்தக் கியரில், எந்த வேகத்தில் ஏறும் என்பது சாவி போடுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.